பஸ்ஸில் ஏற்றுவது எளிது, காரிலிருந்து இறக்குவதுதான் பாடு

2022-ல் பெர்லினில் ஒருவர் ஒரு தடவை மெட்ரோவில் போக 3 யூரோ டிக்கெட் எடுக்க வேண்டும். மாதப் பாஸ் 86 யூரோ. அதே ஊரில் அந்த வருடம் ஜூன் 1-ம் தேதியிலிருந்து, மூன்று டிக்கெட்டுக்கு ஆகும் காசைக் கொடுத்தால், அதாவது வெறும் 9 யூரோ கொடுத்தால், மாதம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம் என்று ஆகிவிட்டது. அதுவும் பெர்லினுக்குள் மட்டும் இல்லை. ஜெர்மனியில் எந்த ஊர் டவுன் பஸ்ஸிலும், டிராமிலும், மெட்ரோவிலும், புறநகர் ரயிலிலும், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற சாதாரண ரயிலிலும் அந்த ஒரே டிக்கெட் செல்லும். ஐசிஇ மாதிரியான நெடுந்தூர விரைவு ரயில்கள் மட்டும் இதில் சேராது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என மூன்று மாதம் இந்தச் சலுகை இருந்தது. அதற்குள் சுமார் 5.2 கோடி டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன, ஏற்கெனவே பாஸ் வைத்திருந்த சுமார் 1 கோடிப் பேருக்கும் அதே விலை தானாகவே கிடைத்தது. ஒருவரே மூன்று மாதமும் வாங்கியிருப்பார் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், 8.4 கோடி மக்கள் உள்ள நாட்டில் இது சாதாரண எண்ணிக்கை இல்லை.

சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு யோசனை வந்துவிடும். பஸ்ஸையும் ரயிலையும் மலிவாக்கு, முடிந்தால் இலவசமாக்கு, ஜனங்கள் காரை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள், புகை குறையும் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, எனக்கும் மனதுக்குப் பிடித்த யோசனை. ஆனால் இது எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் சறுக்குகிறது என்று பார்க்க ஜெர்மனியை விடப் பெரிய சோதனைக்களம் கிடையாது. அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 9 யூரோ டிக்கெட் பருவநிலைக்காக மட்டும் வந்த திட்டம் இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்த பிறகு எரிவாயுவும் பெட்ரோலும் தாறுமாறாக விலை ஏறின. மக்களுக்கு ஏதாவது நிவாரணம் கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தில் அன்றைய மூன்று கட்சிக் கூட்டணி அரசு ஒரு தொகுப்பை அறிவித்தது. அதில் ஒரு கையில் இந்த டிக்கெட், இன்னொரு கையில் அதே மூன்று மாதத்துக்கு எரிபொருள் வரிக் குறைப்பு. பெட்ரோலுக்கு லிட்டருக்கு சுமார் 35 சென்ட், டீசலுக்கு சுமார் 17 சென்ட். டிக்கெட்டுக்காக மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுத்தது 250 கோடி யூரோ, பெட்ரோல் டீசல் சலுகைக்கு ஒதுக்கியது அதை விட அதிகம், 300 கோடிக்கு மேல். ரயிலை மலிவாக்கிய அதே நாளில் காரையும் மலிவாக்கியிருக்கிறார்கள். அப்புறம் "டிக்கெட் கொடுத்தும் கார் குறையவில்லையே" என்று கேட்டால் எப்படி? இந்தக் குளறுபடியை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கோடையின் எண்களைப் படிக்க வேண்டும்.

என்ன நடந்தது? ஜூன் முதல் வாரக் கடைசியிலேயே, கிறிஸ்தவர்களின் பெந்தெகொஸ்தே விடுமுறையில், கடற்கரை ஊர்களுக்குப் போகிற ரயில்கள் பிதுங்கி வழிந்தன. நம் ஊரில் தீபாவளிக்கு முந்தின நாள் அன்ரிசர்வ்டு பெட்டி இருக்குமே, அப்படி. பல ரயில்களில் சைக்கிளை ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பணக்காரர்கள் விடுமுறைக்குப் போகும் தீவு என்று பேர் வாங்கிய சில்ட் தீவுக்கு பங்க் என்கிற கலகக்கார இசைக் கூட்டத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் நடுத்தெருவில் கூடாரம் அடித்தது அந்தக் கோடையின் பெரிய செய்தி. மத்தியப் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி, 2022 ஜூனில் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரயில் பயணங்கள் 2019 ஜூனை விட 42 சதவீதம் அதிகம். ரயிலில் இவ்வளவு கூட்டம் ஏறியபோது சாலையில் எவ்வளவு குறைந்தது? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சாலைப் போக்குவரத்து பெரிய மாற்றமில்லாமல் அப்படியேதான் ஓடியது.

போக்குவரத்து நிறுவனங்களின் கூட்டமைப்பு, மூன்று மாதத்தில் சுமார் 18 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சமானது என்று கணக்குச் சொன்னது. அது பெரிய எண்தான். ஆனால் அவர்கள் பயணிகளிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், டிக்கெட் வாங்கியவர்களில் சுமார் பத்தில் ஒருவர் மட்டுமே அன்றாடம் காரில் போகிற பயணங்களில் குறைந்தது ஒன்றையாவது விட்டதாகச் சொன்னார். மீதி ஒன்பது பேர் யார்?

இந்த ஒன்பது பேரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அதில் ஏற்கெனவே ரயிலில் போய்க்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் செலவு குறைந்தது, அவ்வளவுதான். நடந்தோ சைக்கிளிலோ போயிருக்கக் கூடியவர்கள் இருந்தார்கள். இவர்களைத் தவிர, டிக்கெட் இல்லாவிட்டால் எங்கேயுமே போயிருக்க மாட்டார்கள் என்ற வகையினர் நிறையப் பேர் இருந்தார்கள். அரசு உதவித்தொகையில் குடும்பம் நடத்துகிற தாய்க்கு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலைப் பார்த்துவிட்டு வருவது அந்தக் கோடையில்தான் கைக்கு எட்டியது. அதனால் ஒரு டன் புகை கூடக் குறையவில்லைதான். அதற்காக அந்தப் பயணத்தை "தேவையற்ற பயணம்" என்று எழுதிய பொருளாதார நிபுணர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைய நிதி அமைச்சர் கிறிஸ்டியான் லிண்ட்னர் அந்த ஆகஸ்ட்டில் இதைத் தொடர முடியாது என்று சொல்லும்போது "இலவச மனப்பான்மை" என்ற பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார், நாடு முழுக்கக் கோபம் கிளம்பியது. மக்கள் கோபப்பட்டது சரிதான். இருந்தாலும் கணக்கு கணக்குதான். மலிவு டிக்கெட் ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். அவர்கள் எதிலிருந்து இறங்கி வந்தார்கள் என்பது தனிக் கேள்வி.

இதே பாடம் எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் ஏற்கெனவே படிக்கக் கிடைத்தது. 2012-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி, 2013 ஜனவரி 1 முதல் நகரவாசிகளுக்குப் பஸ், டிராம் எல்லாம் இலவசம் என்று ஆக்கினார்கள். ஒரு வருடம் கழித்து சுவீடன் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது பொதுப் போக்குவரத்துப் பயன்பாடு 14 சதவீதம் கூடியிருந்தது, நடந்து போகிறவர்களின் பங்கு 40 சதவீதம் குறைந்திருந்தது. கார் பயணங்கள் லேசாகக் குறைந்திருந்தாலும், ஒரு கார் பயணத்தின் சராசரித் தூரம் நீண்டுவிட்டது, ஆக சாலையில் ஓடிய மொத்தக் கிலோமீட்டர் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் இது இயல்புதான். இரண்டு ஸ்டாப்பிங் தூரம், முன்பெல்லாம் நடந்தே போய்விடுவோம், இப்போது சும்மா வருகிற பஸ்ஸில் ஏறிக்கொள்வோம். நடக்கிறவரும் சைக்கிள்காரரும்தான் முதலில் மாறுவார்கள். அவர்களுக்குப் பஸ் பக்கத்திலேயே இருக்கிறது, நேரமும் மிச்சமாகிறது. காரில் உட்கார்ந்திருப்பவர் கடைசியில்தான் மாறுவார்.

ஏன் கடைசியில்? கார் வைத்திருப்பவர் மனசில் ஓடும் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். காருக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு வாங்கின அன்றே போய்விடுகிறது. கடன் தவணை, இன்ஷூரன்ஸ், வருட வரி, வருடா வருடம் விழும் மதிப்பு, இதெல்லாம் வண்டியை எடுத்தாலும் ஆகும், எடுக்காமல் வாசலில் நிறுத்தி வைத்திருந்தாலும் ஆகும். நாளைக் காலை ஆபீசுக்கு எதில் போவது என்று யோசிக்கும்போது அந்தச் செலவெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது பெட்ரோல் மட்டும். 20 கிலோமீட்டர் போக ஒன்றரை லிட்டர் பெட்ரோல் செலவு, பக்கத்தில் ரயில் டிக்கெட் விலை, வீட்டில் நான்கு பேர் என்றால் டிக்கெட் விலை நான்கு மடங்கு, பெட்ரோல் அதே ஒன்றரை லிட்டர். இந்தப் போட்டியில் ரயில் ஜெயிப்பது அபூர்வம். ஏற்கெனவே காசு கொட்டி வாங்கிய வண்டி "என்னை எடு, என்னை எடு" என்று வாசலில் நின்று கூப்பிடுகிறது.

மாதம் முழுக்கச் செல்லும் ஒற்றைப் பாஸ் இந்தக் கணக்கைத்தான் தலைகீழாகப் புரட்டுகிறது. அதை வாங்கி வைத்துவிட்டால் அடுத்த பயணத்துக்குச் செலவு பூஜ்யம், பெட்ரோலுக்கு அப்படி இல்லை. கார் எந்த மனக்கணக்கை வைத்து நம்மைப் பிடித்து வைத்திருக்கிறதோ அதே மனக்கணக்கை ரயில் பக்கம் கொண்டுவரும் வித்தை இது. அதனால்தான் ஒவ்வொரு டிக்கெட்டையும் பாதி விலை ஆக்குவதை விட, கட்டுப்படியாகும் விலையில் ஒரு பாஸ் கொடுப்பது கார்க்காரர்கள் விஷயத்தில் நன்றாக வேலை செய்யும் என்று நான் நம்புகிறேன். இன்னொரு பலனும் உண்டு. ஜெர்மனியில் அறுபதுக்கும் மேற்பட்ட வட்டாரக் கட்டணக் கூட்டமைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி மண்டலம், தனி வளையம், தனி விலை. பக்கத்து ஊருக்குப் போய் டிக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் நின்றால் படித்தவருக்கே தலை சுற்றும். தப்பான மண்டல டிக்கெட்டோடு பரிசோதகரிடம் மாட்டினால் 60 யூரோ அபராதம். 9 யூரோ டிக்கெட் இந்தக் காட்டை ஒரே வெட்டில் வெட்டிச் சாய்த்தது. விலையைப் போலவே, சில சமயம் விலையை விடவும், மக்களுக்குப் பிடித்துப் போனது இந்த நிம்மதி.

அந்தக் கோடை முடிந்ததும் "தொடருங்கள்" என்ற குரல் பலமாக எழுந்து, இழுபறிக்குப் பிறகு 2023 மே 1-ல் டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ‘ஜெர்மனி டிக்கெட்’, வந்தது. மாதம் 49 யூரோ, மாதாமாதம் ரத்து செய்துகொள்ளக்கூடிய சந்தா. இதனால் வரும் வருமான இழப்பை ஈடுகட்ட மத்திய அரசு வருடம் 150 கோடி, மாநிலங்கள் சேர்ந்து 150 கோடி. 1.3 கோடிப் பேருக்கு மேல் இதை வைத்திருக்கிறார்கள். ஆரம்ப மாதங்களில் வாங்கியவர்களைப் பார்த்தால் பெரும்பாலோர் ஏற்கெனவே பாஸோ டிக்கெட்டோ எடுத்துப் போய்க்கொண்டிருந்தவர்கள்தான், முற்றிலும் புதியவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. ஆனாலும் 2024-ல் அரியாட்னே என்ற ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தந்தது. முதல் வருடத்தில் காரில் ஓடிய கிலோமீட்டர் 7.6 சதவீதம் குறைந்தது, சுமார் 67 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம் என்றார்கள். இதில் பாதி கூட வராது என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. இந்த வேறுபாட்டைப் பார்த்து யாரோ பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். டிக்கெட் வராமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் பார்த்ததில்லை, ஊகிக்கத்தான் முடியும். அதே வருடங்களில் பெட்ரோல் விலையும் மாறியது, வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கமும் நிலைத்தது, இதில் எது டிக்கெட்டின் வேலை என்று பிரித்தெடுப்பது சுலபமில்லை.

ஒன்று மட்டும் தெளிவு. புகையைக் குறைப்பதில் ஊருக்குள் ஓடும் இரண்டு கிலோமீட்டர் பயணத்தை விட, ஊர் விட்டு ஊர் போகும் 30, 40 கிலோமீட்டர் பயணம்தான் கனமானது. பக்கத்து ஊரிலிருந்து தினமும் வேலைக்குக் காரில் வந்து போகும் ஒருவர் ரயிலுக்கு மாறினால் அது தெருமுனைக் கடைக்குப் போகும் இருபது பேர் மாறுவதற்குச் சமம். தாலினின் சலுகை நகர எல்லைக்குள் நின்றது, ஜெர்மன் டிக்கெட் எல்லை தாண்டிப் போனது. இரண்டுக்கும் பலன் வேறுபடுவதில் இதற்குப் பெரிய பங்கு இருக்க வேண்டும்.

சரி, காசுக்கு வருவோம். வருடம் 300 கோடி யூரோவை 67 லட்சம் டன்னால் வகுத்தால் ஒரு டன்னுக்கு சுமார் 450 யூரோ. குறைவான கணக்கை எடுத்தால் 900-க்கும் மேல் போகும். தொழிற்சாலைகள் புகை விட அனுமதி வாங்கும் ஐரோப்பிய கார்பன் சந்தையில் ஒரு டன்னுக்கான அனுமதி 2024-ல் 100 யூரோவைக் கூடத் தொடவில்லை. இதை வைத்து "இது வீண்செலவு" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. புகை மட்டுமே நோக்கம் என்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 300 கோடியும் புகைக்காகப் போகவில்லை, அதில் பெரும்பகுதி நேராகப் பயணிகளின் சட்டைப்பைக்குப் போகிறது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது மாதாந்தரச் செலவில் கிடைத்த நிம்மதி. அப்புறம் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? ஜெர்மனியில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 65 சென்ட் எரிசக்தி வரி, டீசலுக்கு 47 சென்ட்தான். கம்பெனி கொடுக்கும் காரைச் சொந்த வேலைக்கு ஓட்டினால் வரிச் சலுகை. இதெல்லாம் பல பத்து வருடங்களாகச் சத்தமில்லாமல் ஓடுகிற மானியங்கள், இவற்றை யாரும் டன் கணக்கில் வகுத்துப் பார்த்து வீண்செலவு என்று தலையங்கம் எழுதுவதில்லை.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கிய எண் வேறு. பெர்லினில் வீட்டுக்கு வெளியே தெருவில் காரை நிறுத்திக்கொள்ள அந்தப் பகுதிவாசிக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டின் விலை வருடத்துக்கு 10 யூரோ 20 சென்ட். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. நாடே வாய் பிளந்த 9 யூரோ டிக்கெட் ஒரு மாதத்துக்குத்தான் செல்லும், அந்தக் காசோடு இன்னும் ஒரு யூரோ சொச்சம் சேர்த்தால் தலைநகரின் நடுவில் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் பொது இடம் ஒரு வருடத்துக்கு உங்கள் காருக்கு. 2020 வரை நாடு முழுக்க இந்தச் சீட்டுக்கு வருடம் 30 யூரோ 70 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பே இருந்தது. அது நீங்கியதும் ஃப்ரைபுர்க் நகரம் துணிந்து சுமார் 360 யூரோவாக உயர்த்தியது, காரின் நீளத்துக்கு ஏற்பக் கூடும் குறையும். வழக்குப் போனது, 2023 ஜூனில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. டிக்கெட் விலையைக் குறைக்கும்போது எல்லோரும் கை தட்டுகிறார்கள், பார்க்கிங் விலையைத் தொட்டால் வழக்கு வருகிறது. அதனால் அரசியல்வாதிகள் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

வியன்னா மறக்கவில்லை. 2025 வரை இருந்த, வருடம் 365 யூரோ, நாளைக்கு ஒரு யூரோ என்ற அந்த ஊர்ப் பாஸை உலகமே மேற்கோள் காட்டுகிறது. 2012 மே மாதம் 449 யூரோவிலிருந்து 365 ஆகக் குறைத்தார்கள். பாஸ் வைத்திருப்பவர்கள் சில வருடங்களிலேயே இரண்டு மடங்குக்கு மேல் ஆனார்கள், நகரத்தில் பதிவான கார்களை விட வருடப் பாஸ்களின் எண்ணிக்கை அதிகம் என்ற நிலை வந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் சுவாரசியமான விஷயம் ஒன்று தெரியும். அந்த ஊரில் நடக்கும் பயணங்களில் பொதுப் போக்குவரத்தின் பங்கு 1993-ல் 29 சதவீதம், 2012-ல் 39 சதவீதம், 2019-ல் 38 சதவீதம். ஏற்றம் முழுக்க விலை குறைப்பதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது! அந்த இருபது வருடங்களில் அவர்கள் செய்தது மெட்ரோ பாதையை நீட்டிக்கொண்டே போனது, ஒவ்வொரு பகுதியாகத் தெருப் பார்க்கிங்கைக் காசு கட்டும் பார்க்கிங்காக மாற்றியது. விலை குறைத்த அதே 2012-ன் கடைசியில் பார்க்கிங் கட்டணத்தை வெளிவட்டப் பகுதிகளுக்கும் கொண்டுபோனார்கள். 2022 மார்ச்சில் ஏறக்குறைய நகரம் முழுக்க வந்துவிட்டது. பணமும் பயணியிடம் மட்டும் வாங்கவில்லை. வியன்னாவில் ஆள் வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு முதலாளியும் ஒரு தொழிலாளிக்கு வாரம் 2 யூரோ வீதம் மெட்ரோவுக்காக வரி கட்ட வேண்டும். வேலையாட்கள் நேரத்துக்கு வந்து சேர்வதால் லாபம் யாருக்கோ அவர்களும் பங்கு போடட்டும் என்ற நியாயம். மலிவுப் பாஸ் அங்கே முதல் அடி இல்லை, இருபது வருட வேலைக்கு மேல் வைத்த கடைசிக் கல்.

லக்சம்பர்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 பிப்ரவரி கடைசியில் உலகிலேயே முதலாவதாக நாடு முழுக்கப் போக்குவரத்தை இலவசமாக்கினார்கள். அதற்கு முன்பே டிக்கெட் வருமானம் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை, ஆகவே இலவசமாக்குவது அவர்களுக்குப் பெரிய இழப்பும் இல்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள்தொகைக்கு மிக அதிக கார் உள்ள நாடுகளில் ஒன்று அது, இன்றும் காலையில் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறது. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிற 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் இலவசமாக இருந்து என்ன பயன்.

எதிர்த் திசையில் சுவிட்சர்லாந்து இருக்கிறது. அங்கே வாழும் ஈழத்தமிழ் உறவுகள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், டிக்கெட் விலையைச் சொன்னாலே மூச்சு முட்டும். நாடு முழுக்கச் செல்லும் வருடப் பாஸ் இரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய 4,000 பிராங்க். ஆனாலும் ஐரோப்பாவில் தலைக்கு அதிக தூரம் ரயிலில் போகிறவர்கள் சுவிஸ்காரர்கள்தான், ஒருவருக்கு வருடத்துக்கு சராசரியாக 2,400 கிலோமீட்டர் அளவுக்கு. 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய கால அட்டவணை அப்படி. ரயில் அரை மணிக்கு ஒன்று, அது வந்து நிற்கும்போது அடுத்த ஊருக்கான ரயிலும் மலைக்கிராமத்துக்கான மஞ்சள் அஞ்சல் பஸ்ஸும் வெளியே காத்திருக்கும். அட்டவணையைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பலாம். ஜெர்மனியின் பல கிராமங்களில் பஸ் என்றால் பள்ளிக்கூட நேரத்துக்கு வருகிற ஒன்றிரண்டு மட்டும், சனி ஞாயிறு அதுவும் கிடையாது. அப்படிப்பட்ட ஊர்க்காரருக்கு 49 யூரோ டிக்கெட்டும் ஒன்றுதான், 9 யூரோ டிக்கெட்டும் ஒன்றுதான். அவருடைய வரிப்பணமும் அந்த 300 கோடியில் இருக்கிறது என்பதால் அவருக்கு வரும் எரிச்சலைக் குறை சொல்ல முடியாது. இருக்கிற காசை விலை குறைக்கப் போடுவதா, பஸ் விடப் போடுவதா என்ற சண்டை அங்கே ஓய்ந்தபாடில்லை. என்னைக் கேட்டால், ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால் முதலில் பஸ் விடச் சொல்வேன்.

நம் ஊருக்கும் இதில் பேச விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். இதை யாராவது "கார் குறைந்ததா, புகை குறைந்ததா" என்று தாலின் அளவுகோலை வைத்து அளந்தால் அது பெரிய அநியாயம். அந்தப் பஸ்ஸில் ஏறும் பெண்களில் மிகப் பெரும்பாலோரிடம் காரே கிடையாது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று தெரியவந்தது, வீட்டு வேலைக்கும் பூக்கடைக்கும் போய் வருகிறவருக்கு அது அரிசி, பருப்பு. நடந்து போன பெண் பஸ்ஸில் ஏறினால் இங்கே அது வெற்றி. ஆனால் புகைக் கணக்கும் நமக்கு உண்டு, அது காரை விட இருசக்கர வண்டியில்தான் பெரிதாக இருக்கிறது. 2018 ஜனவரியில் ஒரே ராத்திரியில் பஸ் கட்டணத்தை ஏற்றி, சென்னையில் குறைந்தபட்சம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது நினைவிருக்கும். அன்றைக்குப் பஸ்ஸை விட்டுத் தவணையில் ஸ்கூட்டர் வாங்கியவர் அதற்குப் பிறகு விலை குறைந்தாலும் திரும்பி வரவில்லை, ஏன் வரப் போகிறார், வண்டி வாசலில் நிற்கிறதே. சென்னையில் நினைத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ள 1,000 ரூபாய் பாஸ் வெகுகாலமாக இருக்கிறது, டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் தத்துவம் அதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அது மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் செல்லாது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம் என்று ஆகியிருக்கிறது. மூன்றிலும் செல்லும் ஒரே மாதப் பாஸ் எப்போது வரும் என்பதுதான் நான் காத்திருக்கும் செய்தி.

ஸ்கூட்டரோ காரோ, வாங்கும் முடிவு பத்து வருடத்துக்கு ஒரு தடவை எடுப்பது. அந்த முடிவை மாற்ற வேண்டுமானால் டிக்கெட் விலை அடுத்த வருடமும், அதற்கு அடுத்த வருடமும் இப்படியே இருக்கும் என்று ஒருவர் நம்ப வேண்டும். ஜெர்மனியில் குடும்பத்தின் இரண்டாவது காரை விற்றுவிடலாமா என்று கணவனும் மனைவியும் யோசிக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதச் சலுகையை நம்பி யாரும் காரை விற்க மாட்டார்கள். 49 யூரோ வந்தது, சரி என்று நம்பினால் 2025 ஜனவரியில் 58 ஆனது. அந்த வருடம் ஏப்ரலில் புதிய கூட்டணி அரசின் ஒப்பந்தத்தில், பயணிகள் பங்கு 2029 முதல்தான் படிப்படியாக உயரும் என்று எழுதினார்கள். செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர்கள் கூடி 2026 ஜனவரி முதல் 63 யூரோ என்று முடிவு செய்தார்கள். 63 யூரோவும் மலிவுதான், பெர்லினின் பழைய 86-ஐ விடக் குறைவு, அதுவும் நாடு முழுக்க. ஆனால் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் இது இருக்குமா போகுமா, யார் எவ்வளவு போடுவது என்று மத்திய அரசும் மாநிலங்களும் செய்தித்தாளில் சண்டை போட்டுக்கொண்டால், அந்த வீட்டில் இரண்டாவது கார் எங்கேயும் போகாது.

வியன்னாவின் 365 யூரோ 2012 முதல் 2025 முடிய நகரவில்லை. அது ஆரம்பித்தபோது தொடக்கப் பள்ளியில் இருந்த குழந்தைகள் அதற்குள் லைசென்ஸ் எடுக்கும் வயதைத் தாண்டிவிட்டார்கள், அந்த வருடங்களில் ஆயிரம் பேருக்கு இத்தனை கார் என்ற கணக்கு அந்த ஊரில் ஏறாமல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2026 ஜனவரியில் அங்கும் விலை ஏறி, 467 ஆகிவிட்டது. எத்தனை பேர் பாஸை விடுகிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்க்கப் போவது இன்னும் மூன்று நான்கு வருடம் கழித்து அந்த ஊரில் எத்தனை கார்கள் பதிவாகின்றன என்பதை.